எத்தனை மூட்டை

சுபஹு தொழுத கையோடு
மச்சான் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்:
இங்குள்ள ரூபாயை மூன்றரையால் வகு.
வருவதுதான் நம்ம காசு.
அரை எதுக்கு வாப்பா, மூணு போதாதா
என்றாள் சுமையா.
அந்த அரைக்குள்ளதான் மகளே
நம்ம பகல் சாப்பாடு இருக்கு.

காத்தான்குடித் தெரு நடுவே பேரீச்சை மரங்கள்.
குலைகளுக்கு வலை கட்டியிருந்தார்கள்.
தாவூது அண்ணாந்தே நடந்து
நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் முட்டினான்.
நோகுதா மனே, என்று ஓடி வந்தவர்
எந்த ஊர் என்றார்.
காயல்பட்டினம்.
மன்னாருக்கு அங்காலயா?
ஓம், கடலுக்கும் அங்கால, என்றேன்.
அந்த ‘ஓம்’ எப்போது என் வாயில் ஏறியதோ.

பிட்டு, கணவாய்க் கறி, சம்பல்,
இரண்டு பால்தேத்தண்ணி.
ஆயிரத்து அறுநூறு.
நானூற்றி ஐம்பத்தேழு என்றார் மச்சான், விரல் மடக்காமல்.
தூத்துக்குடியில இதுக்கு, என்று தொடங்கி
என் முகம் பார்த்து
கை கழுவப் போனார்.

றம்சீனின் ஓட்டோவில் மருதமுனைக்கு.
இடப்பக்கம் முழுக்கக் கடல்தான் என்றான்.
ஒரே ஒரு ஒழுங்கை வழியாகத்தான்
அது எங்களுக்குத் தெரிந்தது,
ஒரு கதவு திறந்து மூடுகிற நேரம்.

கைத்தறிக் கடையில் ஜெஸீமா
நாவற்பழ நிறத்தில் ஒன்றை உதறி விரித்தாள்.
நாலாயிரத்து இருநூறு.
வாசலில் நின்றே ஆயிரத்து இருநூறு என்றார் மச்சான்;
சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தார்.
பயணிக்கு நாலு ரக்அத் இரண்டாகும்.
கடையில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

ஆருக்குக் கா எடுக்கிறீங்க?
எனக்குத்தான்.
மறுகா என்ன யோசின?

நான் சுமையாவைப் பார்த்தேன்.
ஜெஸீமாவும் பார்த்தாள்.
பதினொரு வயது. சரிகை முனையை
விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஊடு கட்டத் தொடங்கிட்டீங்களா?

இவளுக்கு யார் சொன்னது,
எங்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்கென்று,
மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்குவாரென்று?

அஸ்திவாரம் முடிஞ்சிருக்கு, என்றேன்.
எங்கட மூத்தவள்ற, லின்டல் மட்டத்தில நிக்கிது.
சீமெந்து அங்க என்ன விலை?
மூட்டை நானூறு.
உதடு அசையப் பெருக்கினாள்.
ஆயிரத்து நானூறா! ஒரு கப்பல் புடிச்சு
இஞ்சால அனுப்புங்க கா.

பிறகு நாங்கள் ரூபாயைப் பேசவில்லை.
அவள் கணக்கில் அந்தச் சேலை இரண்டு மூட்டை.
என் கணக்கில் மூன்று.
ஒரே துணி, ஒரே மேசை.
மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தோம், இருவரும்.
ஒரு மூட்டை குறைக்க ஏலா,
அரை மூட்டை விடுறன், என்றாள் கடைசியில்.
சிரித்தோம்.
சிரிப்பு முடிந்ததும் காசு எண்ணினேன்.

அஸருக்குப் பிறகு, கல்லாற்றுப் பாலத்துக்குக் கிட்ட
எருமைத் தயிர் வாங்கினோம்.
மண்முட்டியோடு விமானம் ஏற முடியாது,
இங்கேயே தின்று தீர்க்க வேண்டியதுதான்.
நாலு பேருக்கு இரண்டு கரண்டி தந்தார்கள்.
மச்சானின் மீசையில் வெள்ளை, தாவூதின் மூக்கில் வெள்ளை.
விலை கேட்டதும் வகுக்கத் தொடங்கியவர்
வாய் நிறையத் தயிரோடு
பாதியில் விட்டுவிட்டார்.

சுமையா மட்டும் சாப்பிடவில்லை.
உம்மா,
எனக்கு வீடு வேண்டாம்னு சொன்னா
அந்த மூட்டையெல்லாம் என்ன ஆகும்?

மச்சான் சிரித்தார்.
எனக்குத் தெரியும், வாங்கி வைத்த சிமெண்ட்
அதிக நாள் காத்திருக்காது.
மழைக்காலம் ஒன்று போனால் கட்டி தட்டிவிடும்.
அதை இவளிடம் எப்படிச் சொல்ல,
அதுவும் இந்தக் காற்றில்,
மடியில் அந்த நாவற்பழ நிறத்தை வைத்துக்கொண்டு?

கரண்டியைத் துடைத்து
அவள் கையில் கொடுத்தேன்.
இப்ப உன் முறை.
சீனி அடியில கிடக்கு,
ஆழமா அள்ளு.